கஸ்தூரியம்மாளின் ஐநூறு கடன் பத்திரங்கள்

கஸ்தூரியம்மாளுக்கு வயது ஐம்பத்திரண்டு. சுண்ணாம்புக்குளத்தில் அவள் பெயரில் ஒரு ஏக்கர் பத்து சென்ட் நிலம் இருக்கிறது. அந்த நிலத்துக்கும் உப்புநீர் ஏரிக்கும் நடுவில் தொண்ணூறு சென்ட். அது கும்மிடிப்பூண்டியில் வசிக்கும் கங்காதரன் என்பவருடையது. பதினான்கு வருஷமாக அதையும் குத்தகைக்கு எடுத்து அவளே உழுதுவந்தாள். மழைக்கு நெல், அறுப்பு முடிந்ததும் வேர்க்கடலை. வயலில் வேலையில்லாத நாட்களில் ஊர்ப் பெண்களோடு ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பாள். கணவன் முத்துராஜ் ஏரியில் வலை போடுகிறவன். வரப்பில் நடந்தால் தலை சுற்றுகிறது என்பான். களை எடுக்கப் பிடிக்காது என்பதுதான் உண்மை.

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. குத்தகைப் பணம் கொடுக்கப் போன கஸ்தூரியம்மாளை உட்காரச் சொல்லிவிட்டுக் கங்காதரன் விஷயத்தைச் சொன்னார்.

"நெலத்தை வித்துடப் போறேம்மா. இறால் குட்டை போடறவன் ஒருத்தன் சென்ட் ஆறாயிரம்னு கேக்கறான். நீ ஒரு வருஷம்கூட குத்தகை பாக்கி வெச்சதில்ல. அதே வெலைக்கு நீ எடுத்துக்கறதுன்னா ஜூன் முப்பது வரைக்கும் நிறுத்தி வெக்கறேன். அதுக்கு மேல கேக்காத."

தொண்ணூறு சென்ட், ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். அதைக் கொடுக்காவிட்டால் போவது குத்தகை நிலம் மட்டுமல்ல. அதே ஊர் ஜெயம்மாவின் வயலை அவள் பார்த்திருந்தாள். அதை ஒட்டி இறால் குட்டை வெட்டி ஏரித் தண்ணீரை ஏற்றினார்கள். முதல் வருஷம் நெல் மஞ்சளானது. இரண்டாம் வருஷம் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. மூன்றாம் வருஷம் ஜெயம்மா அந்த வயலில் ஆடு கட்டினாள். கங்காதரன் நிலத்தில் குட்டை வந்தால் கஸ்தூரியம்மாளின் ஒரு ஏக்கர் பத்து சென்ட்டுக்கும் அதே கதிதான்.

ஆனால் அன்று அவள் பயப்படவில்லை. ஜூன் மாதம் அவளுக்குப் பணம் வர வேண்டியிருந்தது.

அந்தப் பணத்தின் கதை இது. 2022-இல் அவள் அப்பாவின் நிலம் சாலை அகலப்படுத்த எடுக்கப்பட்டு, அவள் பங்குக்கு ஐந்து லட்சத்து அறுபத்திரண்டாயிரம் கிடைத்தது. முத்துராஜின் அக்கா தேவகி. அவள் மகன் வினோத். ஆரம்பாக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்து, ஆதார், பான், பட்டா என்று எல்லா விண்ணப்பமும் நிரப்பித் தருகிறவன். அவன்தான் அவளுக்கு டீமேட் கணக்குத் திறந்து கொடுத்தான். எளாவூரில் மீன், இறால் பதப்படுத்தும் ஆலை வைத்திருந்த ஒரு சென்னைக் கம்பெனியின் கடன் பத்திரங்கள், ஒன்று ஆயிரம் ரூபாய் வீதம் ஐநூறு வாங்கித் தந்தான். வட்டி நூற்றுக்குப் பத்தே கால். மூன்று வருஷம் கழித்து, 2025 ஜூன் 12 அன்று அசல் திரும்பும். அதே கம்பெனியின் பங்குகள் இருநூறும், ஒன்று நூற்று நாற்பத்திரண்டு ரூபாய்க்கு வாங்கினான். மீதி முப்பத்து மூவாயிரத்து அறுநூறில் அவள் போர் மோட்டாரைச் சரிசெய்துகொண்டாள்.

அசல் ஐந்து லட்சம், வரி பிடித்தது போகக் கடைசி வருஷ வட்டி நாற்பத்தாறாயிரத்து நூற்று இருபத்தைந்து. நிலத்தின் விலை போக ஆறாயிரத்து நூற்று இருபத்தைந்து மிஞ்சும். நிலத்தைப் பதியும் செலவுக்குக் கடலை விற்ற பணம். கணக்கு சரியாக இருந்தது. மே மாதம் வரை சரியாக இருந்தது.

மே 11, ஞாயிற்றுக்கிழமை, வினோத் ஒரு ஃபைலோடு வீட்டுக்கு வந்தான். முத்துராஜ் வாசலில் வலையைப் பரப்பி அறுந்த கண்களை முடிந்துகொண்டிருந்தான்.

"அத்த, ஒரு கையெழுத்து வேணும். கம்பெனிக்குக் கொஞ்சம் டைட்டு. ஜூன்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல அசலைக் குடுக்க முடியாதுன்றாங்க. அதனால பத்திரத்தை ஷேரா மாத்திக்கச் சொல்றாங்க. ஒரு பத்திரத்துக்கு இருவது ஷேரு. உனக்குப் பத்தாயிரம் ஷேரு அத்த!"

"இப்ப ஒரு ஷேரு இன்னா வெல?"

"நாப்பத்தொண்ணு. ஆனா புதுசா ஒரு பெரிய ஆளு பணம் போட வர்றானாம். ஏறும். நீ வாங்கினப்போ நூத்தி நாப்பத்திரண்டு. அந்த வெலைக்குத் திரும்பினா பதினாலு லட்சம். ஜூன் கடைசியில கொஞ்சம் வித்தாலே உன் நெலம் வந்துடும். மேல வருஷா வருஷம் டிவிடெண்டு."

"மாத்தலன்னா?"

"மாத்தலன்னா வரிசையில நிக்கணும். எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

முத்துராஜ் வலையை மடியில் இழுத்துக்கொண்டு சிரித்தான். "இதுல யோசிக்க இன்னா கீது? கடன் குடுத்தவன் பெருசா, பங்கு வெச்சவன் பெருசா? இறால் வியாபாரி படகு கட்ட அட்வான்ஸ் குடுக்கறான். கிலோவுக்கு இருவது ரூபா கொறச்சி எடுத்துகினு போறான். படகுக்காரன் நொடிச்சிப் போனா வியாபாரி படகத் தொட முடியுமா? பலகை மேல கை வெச்சா கை இருக்குமா?"

அது வெறும் பேச்சல்ல. அந்த ஊரின் கட்டுப்பாடு. 2019-இல் இறந்துபோன ஒருவரின் படகை ஒரு வியாபாரி டிராக்டர் கட்டி இழுக்க வந்தார். ஊரே கரையில் குறுக்கே நின்றது. வியாபாரிக்கு ஐயாயிரம் அபராதம். படகை விற்று, பங்கு வைத்திருந்த நான்கு பேரும் பிரித்துக்கொண்டார்கள். வியாபாரியின் அட்வான்ஸ் ஏரியோடு போயிற்று. கஸ்தூரியம்மாளும் அன்று கரையில் நின்றவள்தான். கடன் கொடுத்தவனுக்குக் கரை, பங்கு வைத்தவனுக்குப் படகு. அதைத் தவிர வேறு நியாயத்தை அவள் கேள்விப்பட்டதில்லை.

கம்பெனி மூழ்கும்போல இருந்தால் கரையில் நிற்காமல் படகில் ஏறிக்கொள்வதுதானே புத்தி?

அவள் கையெழுத்துப் போட்டாள்.

நான்கு நாள் கழித்து, மே 15 வியாழக்கிழமை, ஆரம்பாக்கம் போய் வங்கியில் பாஸ்புக்கைப் பதிய வைத்தாள். வெளியே வேப்பமர நிழலில் நின்று, பழைய பக்கங்களையும் புரட்டி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள்.

பங்குக்கு வந்த டிவிடெண்ட்: 2022 செப்டம்பரில் அறுநூறு ரூபாய். 2023 செப்டம்பரில் இருநூறு. 2024-இல் ஒன்றும் இல்லை.

கடன் பத்திரத்துக்கு வந்த வட்டி: 2023 ஜூன் 12 அன்று நாற்பத்தாறாயிரத்து நூற்று இருபத்தைந்து. 2024-இல் அதே தொகை, ஆனால் ஜூன் 24 அன்று. அதன் கீழே தனி வரியாக முப்பத்து மூன்று ரூபாய் எழுபது காசு.

அந்த முப்பத்து மூன்று எழுபதில் அவள் விரல் நின்றுவிட்டது. அது எதற்கு என்று அவளுக்குத் தெரியும். வட்டி பன்னிரண்டு நாள் தாமதமானபோது கம்பெனி தபாலில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. வருந்துகிறோம், தாமதத்துக்கான கூடுதல் வட்டியும் சேர்த்துச் செலுத்துகிறோம் என்று.

அறுநூறு ஏன் இருநூறு ஆனது என்று யாராவது கடிதம் போட்டார்களா? இல்லை. இருநூறு ஏன் ஒன்றுமில்லாமல் போனது என்று? அதுவும் இல்லை. பங்குக்காரியிடம் கம்பெனி வாயே திறக்கவில்லை. கொடுக்கத் தோன்றினால் கொடுத்தது, தோன்றாவிட்டால் விட்டது. கடன் கொடுத்தவளிடம் மட்டும் பன்னிரண்டு நாளுக்குக் கைகட்டி நின்று, எழுபது காசு வரை எண்ணி வைத்திருக்கிறது.

ஊரில் எந்தப் படகுக்காரனும் வியாபாரிக்கு இப்படிப் பயந்து அவள் பார்த்ததில்லை. வெறுங்கையோடு கரையில் நிற்கிறவனுக்கு யார் பயப்படுவார்கள்? கையில் எதையோ பிடித்திருக்கிறவனுக்குத்தான் பயப்படுவார்கள்.

என் கையில் எது இருந்தது? அதையா நான் கையெழுத்துப் போட்டு விட்டேன்?

வீட்டுக்கு வந்ததும் பத்திரத்தைப் பங்காக மாற்றுவது பற்றிக் கம்பெனி அனுப்பியிருந்த பதினொரு பக்கக் கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து மகள் நந்தினிக்கு அனுப்பினாள். நந்தினி ஆந்திரப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறவள். ஆறரை மணித் தேநீர் இடைவேளையில் கூப்பிட்டாள்.

"அம்மா, எல்லாம் இங்கிலீஷு. ஆறாம் பக்கம் பாத்துகினு இருக்கேன். எளாவூர் ஆலை, மூணு ஏக்கர் பன்னெண்டு சென்ட், கட்டடம், மெஷினு எல்லாம் கடன் பத்திரக்காரங்களுக்கு அடமானமா எழுதிக் குடுத்திருக்காங்க. பணம் கட்டலன்னா டிரஸ்டின்னு ஒருத்தர் அதை வித்து மொதல்ல இவங்களுக்குத்தான் குடுக்கணும்."

"ஷேர் வெச்சிருக்கறவங்களுக்கு?"

"எல்லாருக்கும் குடுத்தது போக மிச்சம் இருந்தா."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்லதான்."

"அப்போ கடன் குடுத்தவ கிட்டதான் படகே கீதா?"

"ஆமாம்மா. இங்க நம்ம ஊருக்கு நேர்மாறா கீது. நீ கையெழுத்துப் போட்டா படகைக் குடுத்துட்டு எறங்கிட்டேன்னு அர்த்தம். போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

நந்தினி அவசரமாகப் பக்கங்களைத் தள்ளினாள். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வழி இருந்தது. சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். கணக்கில் பதிவான மின்னஞ்சலிலிருந்து எழுத வேண்டும். அல்லது கையெழுத்திட்ட கடிதத்தைச் சென்னையில் கம்பெனியின் பங்கு, பத்திரக் கணக்கைப் பார்க்கும் பதிவாளர் அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். கடைசி நேரம் மே 16, மாலை ஐந்து மணி.

"பதினாறு என்னிக்குடி?"

"நாளைக்கும்மா."

வினோத்தின் போன் அன்று இரவு முழுவதும் அணைந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே அவள் ஆரம்பாக்கம் போய்க் கடை வாசலில் நின்றாள். அவன் வந்தபோது மணி பத்தே முக்கால்.

"ஃபாரம் எல்லாம் திங்கக்கிழமையே கூரியர்ல போயிடுச்சி அத்த. இன்னா ஆச்சி?"

"வாபஸ் வாங்கணும். மெயில்ல அனுப்பலாம்னு போட்டிருக்கு. அனுப்பு."

வினோத் ஷட்டரைத் தூக்கினான். கம்ப்யூட்டரைப் போட்டான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: அவள் கணக்கில் பதிவாகியிருந்த மின்னஞ்சல் வினோத்துடையது. போன் நம்பரும் அவனுடையதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், உனக்கெதுக்கு அத்த இதெல்லாம் என்று அவன் போட்டுக்கொண்டது.

"அத்த, இருவத்திமூணு பேரோட ஃபாரம் நான் வாங்கி அனுப்பிருக்கேன். ஒண்ணு வாபஸ்னு என் மெயில்லர்ந்தே போனா என் மூஞ்சை எங்க வெச்சிக்குவேன்?"

"உன் மூஞ்சி அஞ்சு லட்சம் பெறுமாடா?"

"இன்னா அத்த இப்டிப் பேசற."

"உனக்கு இதுல எவ்ளோ?"

அவன் கீபோர்டைப் பார்த்தான். "அரை பர்சென்டு."

"ரெண்டாயிரத்து ஐநூறு."

"நான் யாரையும் ஏமாத்தல! எங்கம்மாது மூணு லட்சத்தையும் மாத்திட்டுத்தான் உன் கிட்ட வந்தேன்."

அவன் சொன்னது பொய் இல்லை. தேவகியின் முகத்தை நினைத்தபோது கஸ்தூரியம்மாளுக்கு அதுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது. ஏமாற்றுகிறவன் என்றால் காலரைப் பிடிக்கலாம். இவன் நம்பிக்கொண்டிருக்கிறான்.

"டேய், உங்கம்மாதையும் வாபஸ் வாங்குடா. ஆறாம் பக்கத்தைப் படி. உன் கையில கீது, படி."

"படிச்சிட்டேன். அதெல்லாம் கம்பெனி மூழ்கினாத்தான். மூழ்காது."

மணி பதினொன்று பத்து. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மெயில் வேணாம். கடிதம் மட்டும் அடிச்சிக் குடு. நான் எடுத்துகினு போறேன்."

அவன் அடித்துக் கொடுத்தான். அவள் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். பத்து ரூபாயை மேஜைமேல் வைத்தாள். அவன் வேண்டாம் என்று தள்ளினான். அவள் அதைத் திரும்ப எடுக்காமல் இறங்கி நடந்தாள்.

ரயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். நெடுஞ்சாலைக்கு ஓடிவந்து பன்னிரண்டு ஐந்துக்கு ஒரு பஸ்ஸில் தொற்றிக்கொண்டாள். எளாவூர் தாண்டும்போது ஜன்னல் வழியே அந்த ஆலை தெரிந்தது. முன்பெல்லாம் அங்கே ஐஸ் லாரிகள் வரிசையாக நிற்கும். சாலை வரை தண்ணீர் ஒழுகி ஈரமாக இருக்கும். அன்று சாலை காய்ந்து கிடந்தது. கேட்டுக்குள்ளே ஒரே ஒரு லாரி, டயரில் காற்றில்லாமல். சுற்றுச்சுவர் மட்டும் நீளமாக, உறுதியாக நின்றது. மூன்று ஏக்கர் பன்னிரண்டு சென்ட். லாரி போனாலும் நிலம் எங்கே போகும்? அவள் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கடிதம் இருந்தது.

கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறினாள். மீஞ்சூருக்கு அப்பால் சிக்னல் இல்லாமல் வண்டி நாற்பது நிமிஷம் நின்றது. பெட்டிக்குள் அனல் அடித்தது. அப்போது முத்துராஜ் கூப்பிட்டான்.

"எங்க கீற? அக்கா வந்து வாசல்ல கத்திகினு கீது. எம் புள்ளைய நம்பாம ஊரு பூரா நாறடிக்கறாளேன்னு. நான் எந்த மூஞ்சோட அவ வூட்டுக்குப் போறது? திரும்பி வந்துடு."

"அக்கா கிட்ட போனைக் குடு."

"குடுக்க மாட்டேன். நீ இன்னும் ஏதாச்சும் சொல்லுவ."

"யோவ், அவங்க சோத்துல நான் மண்ணைப் போடல. என் நெலத்துல உப்பு விழக்கூடாதுன்னு போறேன். அவங்களும் அஞ்சு மணிக்குள்ள வாபஸ் வாங்கணும்னு சொல்லு. புரியாட்டி நந்தினி கிட்ட பேசச் சொல்லு."

"பங்கு வெச்சவன் பெருசுதானே? ஊரு நியாயம் அதானே?"

"அது ஏரி நியாயம்யா. கம்பெனி ஏரியில இல்ல." அவள் போனை வைத்தாள்.

சென்ட்ரலில் இறங்கியபோது மூன்று இருபத்தைந்து. பஸ் பிடித்து, கேட்டுக் கேட்டுக் கடிதத்தில் இருந்த முகவரிக்கு வந்தபோது மூன்று ஐம்பத்தெட்டு. மாடிக் கதவில் பூட்டு. கீழே இருந்த காவலாளி, "அவங்க எழும்பூருக்கு மாறிப் போய் ரெண்டு மாசம் ஆச்சேம்மா" என்றார். புது முகவரி அவரிடம் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் தம் பழைய பில் கட்டில் தேடி ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துக் கொடுப்பதற்குள் பன்னிரண்டு நிமிஷம் போயிற்று. ஆட்டோக்காரன் நூற்றைம்பது கேட்டான். பேரம் பேசாமல் ஏறினாள். வாழ்நாளில் அவள் பேரம் பேசாமல் ஏறிய முதல் ஆட்டோ அதுதான்.

நான்கு முப்பத்தெட்டுக்கு அலுவலகம். மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. கவுண்டரில் ரமேஷ் என்று பெயர்ப்பட்டை குத்திய ஊழியர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் அவளுடைய கணக்கைத் திறந்து, திரையில் இருந்த கையெழுத்தையும் கடிதத்தில் இருந்ததையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"கையெழுத்து சேரலையேம்மா."

"நான் போட்டதுதான் சார்."

"சேரணும். இதுக்குக் கீழயே இன்னொரு வாட்டி போடுங்க."

கவுண்டர் அவள் நெஞ்சளவு உயரம். எக்கி நின்று போட்டாள். எழுத்து சரிந்தது.

"இதுவும் இல்ல. இன்னொண்ணு பாக்கலாம். அதுவும் சேரலன்னா மேனேஜரைத்தான் கேக்கணும். அவர் வெளிய போயிருக்கார். திங்கக்கிழமை வருவார்."

சுவர்க் கடிகாரத்தில் நான்கு நாற்பத்தாறு. கஸ்தூரியம்மாள் தன் கையைப் பார்த்தாள். அதே கை, அதே பெயர். பிறகு ஏன்? அந்தத் திரைக் கையெழுத்தை எங்கே போட்டோம்? வினோத்தின் கடையில். அன்று அவனிடம் ஒரே நாற்காலிதான் இருந்தது; அவள் தரையில் உட்கார்ந்து போட்டாள். ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்திலும் தரைதான். அவள் எழுத்து தரையில் உட்கார்ந்த எழுத்து.

கடிதத்தை வாங்கிக்கொண்டு கவுண்டருக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பாஸ்புக்கை முழங்கால்மேல் வைத்து, அதன்மேல் கடிதத்தை வைத்தாள். பின்னால் நின்றவர்கள் விலகி நின்று பார்த்தார்கள். பெயரை முழுதாக, அவசரப்படாமல் எழுதினாள்.

ரமேஷ் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். "ம். இது சரி." சீல் குத்தி நகலைக் கொடுத்தார்.

"நேரம் போடுங்க சார்."

"தேதி இருக்கும்மா சீல்ல."

"அஞ்சு மணிக்குள்ளன்னு போட்டிருக்கு. தேதி மட்டும் இருந்தா நான் ஆறு மணிக்குக் குடுத்தேன்னு யாராச்சும் சொன்னா?"

அவர் அவளை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, சீலுக்குப் பக்கத்தில் 4.52 என்று எழுதிக் கையொப்பமிட்டார். அவள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். ஐந்து மணி அடித்த பிறகுதான் எழுந்தாள். தேவகியின் மூன்று லட்சத்துக்கு யாரும் வரவில்லை.

ஜூன் 2 அன்று தன் கணக்கில் இருந்த வினோத்தின் போன் நம்பரை எடுத்துவிட்டு, தன்னுடையதைப் போட வைத்தாள். ஜூன் 12 வியாழக்கிழமை காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பணம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. எட்டாம் நாள் கடிதம் வந்தது: கம்பெனியால் செலுத்த இயலவில்லை, டிரஸ்டி எளாவூர்ச் சொத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார்.

தன்னைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்று அவள் நினைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. வினோத்திடம் கையெழுத்துப் போட்ட மற்ற இருபத்திரண்டு வீடுகளிலும் இப்போது இருந்தது பங்குதான்; அந்த வாரம் அதன் விலை பத்தொன்பதுக்கு வந்திருந்தது. விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை.

ஜூன் 29 அன்று அவள் கங்காதரன் முன்னால் டிரஸ்டியின் கடிதத்தை வைத்தாள்.

"பேப்பரை உழுது சாப்டறதா?" என்று அவர் கேட்டார். "நாளையோட கெடு முடியுது. அவன் பணத்தைக் கையில வெச்சிகினு நிக்கறான்."

"தொண்ணூறு சென்ட்டும் கேக்கல அய்யா. என் வரப்பை ஒட்டின நாப்பது சென்ட்டை மட்டும் எனக்குக் குடுங்க. ஏரிப் பக்கத்து அம்பதை அவருக்கே குடுங்க. நாப்பதுக்கு ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். இன்னிக்கு அறுவதாயிரம் வெக்கறேன். மீதி டிசம்பர்ல."

"அறுவதாயிரம் ஏது?"

"கடல வித்தது. கம்மலை வெச்சது."

அவர் கடிதத்தை மறுபடி எடுத்து எளாவூர் ஆலையின் சர்வே நம்பரைப் படித்தார். அவருக்கும் அந்த இடம் தெரியும். "நெடுஞ்சாலையில முகப்பு கீது. விக்கும். எப்ப விக்கும்னு தெரியாது." யோசித்தார். "டிசம்பர் முப்பத்தொண்ணு. அதைத் தாண்டினா நாப்பதும் அவனுக்கு. உன் அறுவதாயிரமும் திரும்பாது. எழுதிக்கலாமா?"

"எழுதுங்க."

அந்த ஆறு மாதத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்பதை முத்துராஜைக் கேட்டால் சொல்வான். சோற்றில் உப்புப் போட்டோமா என்பதே அவளுக்கு நினைவிருக்காது. ஆகஸ்டில் குட்டைக்காரன் ஐம்பது சென்ட்டில் மண் வெட்டும் இயந்திரத்தை இறக்கினான். செப்டம்பரில் ஆலையை முதல் முறை ஏலம் விட்டார்கள், கேட்க ஆளில்லை. அக்டோபரில் பங்கு நான்கு ரூபாய் அறுபது காசு. பிறகு அந்தப் பங்கை வாங்கி விற்பதே நிறுத்தப்பட்டது. நவம்பர் 14 அன்று விலையைக் குறைத்து இரண்டாம் ஏலம். விற்றது. பணம் எப்போது வரும் என்று அவள் டிரஸ்டியின் அலுவலகத்துக்கு டிசம்பரில் மட்டும் பதினேழு முறை பேசினாள். "அம்மா, நீங்கதானா?" என்று எடுத்த உடனே கேட்கும் அளவுக்கு அவள் குரல் அங்கே பழகிவிட்டது.

டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை காலை, ரூபாய்க்கு அறுபத்திரண்டு காசு வீதம், மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் வந்தது. மீதி வேறு சில இயந்திரங்கள் விற்ற பிறகு வரலாம், வராமலும் போகலாம். பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. 29-ஆம் தேதி நாற்பது சென்ட் அவள் பெயரில் பதிவாயிற்று.

அன்று மாலை தேவகி வீட்டு வாசலில் போய் நின்றாள். தேவகி கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வினோத்தான் வெளியே வந்தான்.

"வந்துச்சா அத்த?"

"அறுவத்திரெண்டு காசு."

அவன் மனதுக்குள் கணக்குப் போடுவது அவளுக்குத் தெரிந்தது. அம்மாவின் மூன்று லட்சத்துக்கு ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம். "என் மெயில்லர்ந்தே ரெண்டையும் அனுப்பிருக்கலாம்," என்றான். "ரெண்டு நிமிஷம் ஆயிருக்காது."

பொங்கல் கழிந்து குட்டையில் மோட்டார் ஓடத் தொடங்கியது. ஏரியின் உப்புத் தண்ணீர் ஐம்பது சென்ட்டிலும் நிரம்பியது. புது நாற்பது சென்ட்டில் அவள் ஒரு விதையும் போடவில்லை. குட்டையின் கரையிலிருந்து பத்தடி தள்ளி, நிலத்தின் அகலம் முழுக்க, ஆளுயரத்தில் பாதி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டச் சொன்னாள். ஊறி வருகிற உப்பு அதில் விழுந்து, ஓரத்து ஓடை வழியே ஏரிக்கே ஓடட்டும் என்று. பதிவுச் செலவும் கம்மலை மீட்டதும் போக மிஞ்சியதைக் கூலிக்குச் செலவழிக்க அவளுக்கு மனமில்லை. முத்துராஜ்தான் மண்வெட்டியைப் பிடித்தான்.

"ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் குடுத்து நெலம் வாங்கி, அதுல பள்ளம் தோண்டற ஒரே ஆளு நீதான்மே," என்றான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"தோண்டு. நெல்லு அந்தப் பக்கம் வெளையும்."

பன்னிரண்டு நாளில் வாய்க்கால் முடிந்தது. பதினைந்தாம் நாள் அதன் குட்டைப் பக்கத்துச் சுவரில் ஈரம் கசிந்தது. கஸ்தூரியம்மாள் இறங்கி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. பிறகு ஏறி, தன் பழைய வயலுக்கு நடந்து போர் மோட்டாரைப் போட்டு, குழாயில் விழுந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் குடித்தாள்.

முத்துராஜ் வரப்பில் நின்றபடியே கேட்டான்: "இன்னா?"

அவள் இன்னொரு கை ஏந்திக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். "இன்னிக்கு நல்ல தண்ணி."